ஆறு போகும் வழியில் செய்தியும் போகட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

"காவிரி ஆற்றில் சுமார் 45 வயது மதிக்கத்தக்க ஆண் சடலம் மிதந்தது. அவர் யார், எந்த ஊரைச் சேர்ந்தவர் என்ற விவரம் தெரியவில்லை. போலீசார் சடலத்தைக் கைப்பற்றி, பிரேதப் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்து விசாரித்து வருகின்றனர்."

மேட்டூர் திறந்த நாளிலிருந்து அடைக்கும் நாள்வரை தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டப் பக்கங்களில் இந்த மூன்று வரி, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தபடியே இருக்கிறது. இதைப் படிக்கும் ஏதோ ஒரு வீட்டில் ஆளைக் காணாமல் தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு இந்த மூன்று வரியில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. 45 வயது ஆண்கள் டெல்டாவில் எத்தனை லட்சம் பேர்! வாசகரிடம் "இவரை உங்களுக்குத் தெரியுமா" என்று கேட்பதற்காகத்தான் இந்தச் செய்தி. ஆனால் கேள்வியை விட்டுவிட்டு, போலீஸ் என்ன செய்தது என்பதை மட்டும் சொல்லி முடிந்துவிடுகிறது.

காணாமல் போனவர்களையும், அடையாளம் தெரியாமல் கிடப்பவர்களையும் அவரவர் வீட்டாரோடு சேர்த்து வைப்பதில் பத்திரிகையால் ஆகக்கூடியது ஏராளம். அதற்குப் பெரிய இடமோ பக்கமோ வேண்டாம். எதை எழுதுவது, எந்தப் பதிப்பில் போடுவது, எதை எழுதாமல் விடுவது என்பதில் கவனம் இருந்தால் போதும். காணாமல் போனோரைத் தேடும் வேலையில் இருக்கும் தன்னார்வலர்கள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

தண்ணீரில் கிடந்த உடலைப் பற்றி எழுதும்போது, வயதையும் நிறத்தையும் உடல்வாகையும் நம்பக்கூடாது. வெயில் காலத் தண்ணீரில் மூழ்கிய உடல் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ உள்ளே வாயு சேர்ந்து மேலே வரும். ஐப்பசி, கார்த்திகைக் குளிர்ந்த நீரில் இன்னும் தாமதமாகும். மேலே வரும்போது முகம் ஊதியிருக்கும், உதடும் கண்ணிமையும் தடித்திருக்கும், தோல் கறுத்திருக்கும். சுருக்கமெல்லாம் விரிந்துவிடுவதால் கிழவர் நடுத்தர வயதுக்காரரைப் போலத் தெரிவார். ஒல்லியானவர் பருமனாகத் தெரிவார். "45 வயது, கறுப்பு நிறம், பருமனான உடல்" என்று அச்சிட்டால், 62 வயதான மாநிறத்து ஒல்லியான அப்பாவைத் தேடும் மகள் அந்தச் செய்தியைத் தாண்டிப் போய்விடுவாள். "35-க்கும் 65-க்கும் இடைப்பட்டவர்" என்று அகலமாகப் போடுவதே நேர்மை. நம்பக்கூடியது உயரம்தான், அது பிணவறையில் டேப் பிடித்து அளந்தது. அதை எந்தச் செய்தியும் போடுவதில்லை.

அடுத்து பல். முன்பல் விழுந்திருக்கிறதா, வெற்றிலைக் கறை இருக்கிறதா, பல்செட்டா, உறை போட்ட பல்லா என்பதெல்லாம் தண்ணீரில் மாறாதவை. பச்சை குத்தியது பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு: உடல் அழுகினால் பச்சை அழிந்துவிடும் என்று. மை அடித்தோலில் இருப்பதால், மேல்தோல் உரிந்த பிறகுதான் அது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆகவே நிருபர் "பச்சை ஏதும் இருக்கிறதா" என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்க வேண்டும். அறுவை சிகிச்சைத் தழும்பு எந்தப் பக்கம், குடும்பக் கட்டுப்பாடு செய்த தழும்பு உண்டா என்பதையும் கேட்கலாம். எலும்புக்குள் பிளேட் வைத்திருந்தால் அதில் நிறுவன முத்திரையும் எண்ணும் இருக்கும். பிரேதப் பரிசோதனையின்போது அதைக் குறித்து வைத்தால் எந்த மருத்துவமனைக்குப் போனது என்று தேட முடியும்.

உடைக்கு வருவோம். "நீல நிறக் கட்டம் போட்ட லுங்கி, வெள்ளைச் சட்டை" என்பது பாதி ஆண்களின் உடை. சட்டைக் காலரின் உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் டெய்லர் லேபிள் இருக்கும்; அதில் கடைப் பெயரும் ஊரும் இருக்கும். அந்த ஒரு துணித்துண்டு ஆளின் ஊரையே சொல்லிவிடும். ரெடிமேட் சட்டையானால் அளவு என்ன என்று எழுதலாம். லுங்கியின் ஓரத்தில் நிறுவனத்தின் முத்திரை இருக்கும். வேட்டியானால் கரை என்ன நிறம், எத்தனை விரல் அகலம். சலவைக்குப் போடுகிற வீட்டாரானால் துணியின் மூலையில் வண்ணான் குறி இருக்கும். பெண்ணானால் புடவையின் நிறத்தைவிட ரவிக்கையின் தையல் பெரிய அடையாளம்: கொக்கி முன்பக்கமா பின்பக்கமா, கை நீளம், ஒட்டுப் போட்ட இடம். கறுப்பு வேட்டி, செவ்வாடை, காவி, துளசிமணி இருந்தால் விரதம் இருந்தவர் என்று தெரியும். அப்படியானால் கூட வந்த குழுவினர் எங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

பைகளில் இருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாவிக்கொத்து இருந்தால் அதன் படத்தைப் போடுங்கள். உரிமை கோரி வருபவர் வீட்டுப் பூட்டில் அந்தச் சாவி திறக்கிறதா என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும். மாத்திரை அட்டையில் பேட்ச் எண் உண்டு. அரசு மருத்துவமனை மாத்திரையானால் அதையும் அட்டையே சொல்லும். சர்க்கரை, வலிப்பு, மனநலம் என்று எதற்கான மாத்திரை என்பது தெரிந்தால் தேடுபவர்களுக்குப் பிடி கிடைக்கும். நனைந்த செல்போனை அங்கேயே ஆன் செய்து பார்ப்பதால் அது கெட்டுப்போகிறது. சிம்மை மட்டும் எடுத்துத் துடைத்து உலர்த்திக் கொடுத்தால் யார் பெயரில் வாங்கியது என்று போலீஸ் கேட்டுப் பெறலாம்.

இவ்வளவும் பிரேத விசாரணை அறிக்கையில் எழுதப்படுகிறது. ஸ்டேஷனில் இன்றும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து "174" என்றே சொல்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு. உடல் கண்டெடுத்த அன்றே உடை, அணிகலன், அங்க அடையாளம் எல்லாம் அதில் ஏறிவிடும். ஆனால் நிருபர்களுக்குப் போவது அந்த அறிக்கையின் சாரம்கூட இல்லை, வாட்ஸ்அப்பில் வரும் இரண்டு வரி. அதை அப்படியே வாங்கிப் போடாமல், ஒரு போன் செய்து உயரம், பல், பச்சை, தழும்பு, காலர் லேபிள் என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும்.

எல்லாவற்றையும் அச்சிட்டுவிடவும் கூடாது. வீட்டாருக்கு மட்டுமே தெரியக்கூடிய ஓர் அடையாளத்தை ஸ்டேஷன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். தாலி இருந்தது என்று போடலாம். அதில் என்ன உரு, எத்தனை குண்டு கோர்த்திருக்கிறது என்பதைப் போட வேண்டாம். தழும்பு இருப்பதைச் சொன்னால் மோதிரத்தில் பொறித்த எழுத்தைச் சொல்லாதீர்கள். தவிப்பில் இருக்கும் குடும்பம் ஊதிப்போன முகத்தைப் பார்த்துத் தன் பிள்ளைதான் என்று அழுவதும் உண்டு, தன் பிள்ளையையே "இது அவன் இல்லை" என்று சொல்லிவிட்டு வருவதும் உண்டு. இரண்டும் மனசு செய்கிற வேலை. யாரையும் குறை சொல்ல முடியாது. அதனால்தான் ஒளித்து வைத்த அடையாளம் ஒன்று வேண்டும். அழுகிய உடலானால் முக அடையாளத்தை மட்டும் நம்பி ஒப்படைக்காமல் டிஎன்ஏ மாதிரி எடுத்துவிட்டுக் கொடுப்பதே சரி. உடலிலிருந்து கடைவாய்ப் பல்லோ தொடை எலும்பின் துண்டோ, வீட்டாரிடமிருந்து சில சொட்டு ரத்தம். பெற்றோர் அல்லது பிள்ளைகளின் ரத்தமே சிறந்தது. கூடப் பிறந்தவர்களின் ரத்தத்தில் பொருத்தம் அவ்வளவு உறுதியாக வராது. கணவன் மனைவிக்குள் ரத்த உறவு இல்லாததால் அதை மட்டும் வைத்துப் பயனில்லை. அடையாளம் தெரியாத உடலை எரிக்காமல், எண் போட்ட இடத்தில் புதைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். பிறகு யாராவது தேடி வந்தால் தோண்டி எடுத்துப் பார்க்க முடியும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நோய் பரவும் என்ற பயத்தில் உடல்களைக் குழி குழியாகப் புதைத்தார்கள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த வெளியூர், வெளிமாநில யாத்ரீகர்களும் அவற்றில் இருந்தார்கள். அடிபட்டோ நீரில் மூழ்கியோ இறந்தவர்களின் உடலால் கொள்ளைநோய் வராது என்பது அன்று பலருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு உடலுக்கும் ஓர் எண், ஒரு போட்டோ, ஒரு துணித்துண்டு எடுத்து வைத்திருந்தால் எத்தனையோ வீடுகளில் இன்றும் தொடரும் சந்தேகம் இருந்திருக்காது.

நாள் கணக்கும் முக்கியம். உரிமை கோராத உடலைப் பிணவறையில் பெரும்பாலும் மூன்று நாள் வைப்பார்கள்; குளிர்பெட்டியில் இடமிருந்தால் இன்னும் சில நாள். செய்தி நான்காம் நாள் வந்தால் குடும்பம் வந்து பார்ப்பது மண்மேட்டைத்தான். ஆகவே கண்டெடுத்த மறுநாள் காலைப் பதிப்பில் செய்தி வர வேண்டும். உடல் எந்த மருத்துவமனையில் இருக்கிறது, எந்தத் தேதிவரை இருக்கும், எந்த ஸ்டேஷன், வழக்கின் குற்ற எண் என்ன, ஸ்டேஷன் போன் எண் என்ன என்பவை கட்டாயம் இருக்க வேண்டும். இறந்த முகத்தின் படம் வேண்டவே வேண்டாம். அது அடையாளம் காட்டுவதில்லை, அச்சத்தைத்தான் கிளப்புகிறது. துவைத்து உலர்த்தி விரித்த சட்டையின் படம், லேபிளின் படம், செருப்பின் படம் போதும்.

இனி எங்கள் முதன்மையான கோரிக்கை. செய்தி மாவட்ட எல்லையில் நிற்கிறது, ஆறு நிற்பதில்லை.

திருச்சியில் காவிரிப் பாலத்தில் ஒருவர் குதித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். செய்தி திருச்சிப் பக்கத்தில் வரும். அவர் உடல் கல்லணைக்கு வருகிறது. அங்கே தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது. காவிரியில் போனால் திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார். இடையில் அரசலாற்றில் திரும்பினால் காரைக்கால். அது புதுச்சேரி அரசின் போலீஸ், ரெக்கார்டே வேறு. வெண்ணாற்றில் போனால் தென்பெரம்பூரில் ஒரு பிரிவு, நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் (தலைப்பு என்பது ஆறு பிரியும் இடத்து மதகு) பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று இன்னொரு பிரிவு. கல்லணைக் கால்வாயில் போனால் தஞ்சை நகருக்குள் புகுந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி தாண்டிப் புதுக்கோட்டை மாவட்டம். வெள்ளக் காலமானால் முக்கொம்பிலேயே உபரி நீர் கொள்ளிடத்தில் திரும்பிவிடும். உடல் அணைக்கரையில் வந்து தட்டும். அங்கே தென்கரை தஞ்சை மாவட்டம். வடகரையில் அரியலூரும் கடலூரும். தஞ்சை ஒரு போலீஸ் சரகம், அரியலூர் திருச்சி சரகம், கடலூர் விழுப்புரம் சரகம். ஒரே ஆற்றின் இரண்டு கரைக்கு மூன்று டிஐஜி. திருச்சியில் மகனைத் தேடும் தாய் சிதம்பரம் பக்கத்துச் செய்தியைப் படிக்க வழியே இல்லை.

எனவே விதி ஒன்றுதான். ஆற்றங்கரையில் ஆள் காணாமல் போனால் அந்தச் செய்தி கீழ்மடைப் பதிப்புகளில் வர வேண்டும். ஆற்றில் உடல் கிடைத்தால் அந்தச் செய்தி மேல்மடைப் பதிப்புகளில் வர வேண்டும். முக்கொம்பில் உடல் கிடைத்தால் கரூர், நாமக்கல், ஈரோடு. கும்பகோணத்தில் கிடைத்தால் தஞ்சை, திருச்சி, கரூர். எந்தக் கிளையில் தண்ணீர் ஓடியது என்பதைக் கணிப்பதும் கடினமில்லை. எந்தத் தேதியில் எந்தத் தலைப்பில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது உங்கள் நாளிதழிலேயே வருகிறது. முறைப்பாசனம் நடக்கும் நாட்களில் காவிரிக்கு விட்ட முறையா, வெண்ணாற்றுக்கு விட்ட முறையா என்று பார்த்தால், தேட வேண்டிய கிளை தெரிந்துவிடும். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும் மதகுகளில்தான் உடல் தங்கும். ஆகாயத்தாமரை ஒதுங்கும் இடத்தில் அடியில் சிக்கி நாள்கணக்கில் வெளியே தெரியாமலும் இருக்கும். அதை முதலில் பார்ப்பவர் அந்தத் தலைப்பின் லஸ்கர்தான், அதாவது மதகைத் திறந்து மூடும் ஊழியர். ஆளைத் தேடும் குடும்பத்திடம் "லஸ்கர்களிடம் போட்டோவைக் கொடுத்துவிட்டு வாருங்கள்" என்று எவரும் சொல்வதில்லை. உங்கள் செய்தியில் அந்த ஒரு வரி இருந்தால்கூட நல்லது.

ரயில் பாதைக்கும் இதே விதி பொருந்தும். தண்டவாளத்தில் கிடைத்த உடல் ரயில்வே போலீசின் வழக்கு. உள்ளூர் ஸ்டேஷனில் கேட்டால் தெரியாது என்பார்கள். ஓடும் ரயிலிலிருந்து விழுந்தவர் எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் கடந்த ரயில் எது, எங்கிருந்து வந்தது என்று கேட்டு, அது புறப்பட்ட ஊரின் பதிப்பிலும் போட வேண்டும். நடவுக்கும் கட்டட வேலைக்கும் வங்காளம், பீகார், ஒடிசா என்று வந்திருப்பவர்கள் இன்று டெல்டா முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இறந்து கிடந்தால், அவர் வீட்டில் தமிழ்ப் பத்திரிகை வாசிப்பவர் யாரும் இல்லை. கூட வேலை செய்பவர்கள், ஆள் கூட்டிவந்த மேஸ்திரி, அரிசி ஆலை, செங்கல் சூளை என்று செய்தி போய்ச் சேர, அந்தச் சிறு குறிப்பை இந்தியிலும் வங்காள மொழியிலும் படமாக்கி உங்கள் இணையப் பக்கத்தில் போடலாம்.

உயிரோடு காணாமல் போனவர்களுக்கான "காணவில்லை" அறிவிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டார் கொடுக்கும் படம் பெரும்பாலும் கல்யாண ஆல்பத்திலிருந்தோ ஆதார் அட்டையிலிருந்தோ வெட்டியது. அது பத்து வருடப் பழைய முகம். கடைசி ஆறு மாதத்தில் செல்போனில் எடுத்த படம், அழகுபடுத்தும் பில்டர் போடாதது, பல் தெரியச் சிரித்தது ஒன்று, நின்றபடி முழு உருவம் ஒன்று என இரண்டு வேண்டும். சமயபுரத்திலோ வைத்தீஸ்வரன்கோயிலிலோ மொட்டை போட்டிருந்தால் அதைக் கட்டாயம் எழுத வேண்டும். முடியோடு இருக்கும் படத்தைப் பார்த்து மொட்டைத் தலையை யாரும் அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆண்களுக்கு ஒரு வாரத்தில் தாடி வந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பேச்சு எப்படி, காது கேட்குமா, எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் என்பது படத்தைவிடப் பயன்படும். ரேஷன் கார்டில் கோவிந்தசாமி என்று இருக்கும். "கோயிந்து" என்றால்தான் அவர் திரும்புவார்.

ஞாபக மறதி நோய் உள்ள பெரியவர்கள் வழி தவறிப் போவது கூடிவருகிறது. அவர்கள் ஓடிப்போகிறவர்கள் அல்லர். ஏதோ ஓர் இடத்துக்குப் "போய்க்கொண்டிருப்பவர்கள்". பிறந்த வீடு, பழைய வேலையிடம், வயல், குலதெய்வக் கோயில். முதலில் தேட வேண்டியது அந்தத் திசையில்தான். வாய்க்கால், மூங்கில் குத்து, கரும்புக் கொல்லை, பூட்டிய வீட்டுத் திண்ணை என்று அருகிலேயே கிடந்து, கூப்பிட்டாலும் பதில் கொடுக்காமல் இருப்பார்கள். அதனால் பெயர் சொல்லிக் கத்திவிட்டு நகரக் கூடாது. கண்ணால் பார்த்துத் தேட வேண்டும். பாட்டிகள் விஷயத்தில் இன்னொன்று. 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கையில் ஒரு ரூபாய் இல்லாமலேயே பஸ் மாறி பஸ் மாறி ஒரே நாளில் இரண்டு மாவட்டம் தாண்டிவிடலாம். அதனால் செய்தியின் நகல் முதலில் போக வேண்டிய இடம் பஸ் ஸ்டாண்டில் இருக்கும் நேரக் காப்பாளர் அறை. அங்கிருந்து கண்டக்டர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அவரைப் பார்த்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் போடுங்கள்: சுற்றிக் கூட்டம் கூட்டாமல், ஒருவர் மட்டும் பக்கத்தில் போய் உட்காரவைத்து, தண்ணீரோ டீயோ கொடுத்து, "நீங்க தப்பாப் போறீங்க" என்று எதிர்த்துப் பேசாமல், 112-க்கு அழைக்க வேண்டும். முதியோர் உதவி எண் 14567-ம் இருக்கிறது.

புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள்; ஸ்டேஷனிலேயே அப்படிச் சொல்லி அனுப்புவதும் உண்டு. சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். எல்லை வேறு என்று திருப்பி அனுப்பக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணம் இல்லாமல் கொடுக்க வேண்டும். சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்பி வந்துவிட்டு, வழக்குப் பதிந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிஎஸ்ஆர் என்பது புகார் வந்ததற்கான ரசீது மட்டுமே. வழக்குப் பதிந்து குற்ற எண் விழுந்தால்தான் காணாமல் போனவரின் விவரம் எல்லா மாநிலமும் பார்க்கும் கணினிப் பதிவில் ஏறும். மத்திய அரசின் டிஜிட்டல் போலீஸ் இணையதளத்தில் பொதுமக்களே தேடிப் பார்க்கலாம். பெயரை ஆங்கில எழுத்தில் ஏற்றும்போது ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒவ்வொரு மாதிரி எழுதுவதால், பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்காமல் போகும். ஆண், பெண், வயது வரம்பு, தேதி ஆகியவற்றை வைத்துத் தேடுவதே நல்லது.

அறிவிப்பில் குடும்பத்தின் சொந்த எண்ணை மட்டும் போடுவதால் வரும் தொல்லை பெரியது. செய்தி வந்த அன்றே "உங்க அப்பா எங்ககிட்டதான் இருக்கார், சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் ஐயாயிரம் ஜிபே பண்ணுங்க" என்று அழைப்பு வரும். பெரிய வெகுமதி அறிவித்தால் இந்தக் கூட்டம் பத்து மடங்காகும். உண்மையான தகவல் அதில் மூழ்கிவிடும். ஸ்டேஷன் எண் ஒன்று, குடும்பத்தில் படபடக்காமல் பேசக்கூடிய ஒருவரின் எண் ஒன்று போதும். அழைப்பவரிடம் ஆளோடு வீடியோ காலில் வரச் சொல்ல வேண்டும், செய்தியில் போடாத அடையாளத்தைக் கேட்க வேண்டும். பார்த்ததும் பணம் என்று சொல்பவருக்கு ஒரு ரூபாய் அனுப்பக் கூடாது. வந்த ஒவ்வொரு அழைப்பையும் நேரம், எண், எங்கே பார்த்தது, எந்தப் பக்கம் போனது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், தனித்தனியாகப் பார்க்கும்போது அர்த்தமில்லாதவை ஒன்றாகச் சேர்ந்து ஒரு பாதையைக் காட்டும்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டத்தின் கை நீளமானது. காணாமல் போன குழந்தையின் புகாரை முதல் தகவல் அறிக்கையாகவே பதிய வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான்கு மாதத்தில் கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். தேடுவதற்காகப் படம் போடுவது வேறு. கிடைத்த பிறகு போடுவது வேறு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் வெளியிட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. மீறினால் ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம். குழந்தையின் நலனுக்கு அவசியம் என்றால் குழந்தைகள் நலக் குழு எழுத்தில் அனுமதி தரலாம். மீட்ட குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருந்தால் போக்சோ சட்டமும் சேர்ந்துகொள்ளும். முந்தைய நாள் போட்ட "காணவில்லை" படம் உங்கள் இணையப் பக்கத்தில் அப்படியே கிடந்தால் அதுவே அந்தக் குழந்தையின் அடையாளத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மீட்ட அன்றே அதை எடுத்துவிட வேண்டும். குழந்தை உதவி எண் 1098.

வயது வந்த பெண்ணைக் காணவில்லை என்று வீட்டார் படத்தோடு வந்தால், தயவுசெய்து ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்ட பிறகே போடுங்கள். தன் விருப்பத்தின்பேரில் வீட்டைவிட்டுப் போய், சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட பெண்ணாக அவர் இருக்கலாம். அவர் இருக்கும் இடத்தை வீட்டாருக்குச் சொல்லாமல் வாக்குமூலம் மட்டும் பெற்று வழக்கை முடிக்கப் போலீசால் முடியும். ஆனால் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து யாரோ ஒருவர் வீட்டாருக்குப் போன் செய்தால், அதன் முடிவு உயிரிழப்பாகவும் இருக்கலாம். நம் பகுதியில் இது வெறும் பயம் இல்லை.

பேசமுடியாமலோ நினைவில்லாமலோ கிடக்கும் உயிருள்ளவர்களைப் பற்றிச் செய்தி வருவதே அரிது. 108-இல் வந்து அரசு மருத்துவமனையில் "பெயர் தெரியாத ஆண்" என்று சேர்க்கப்பட்டவர், நகராட்சியின் இரவுத் தங்குமிடத்தில் இருப்பவர், காப்பகத்தில் வருடக்கணக்கில் இருப்பவர், குணசீலத்திலோ நாகூரிலோ வேளாங்கண்ணியிலோ கூட்டிவந்தவர்களைத் தவறவிட்டு அங்கேயே தங்கிவிட்டவர் என இவர்கள் எல்லோரும் யாருடைய வீட்டிலோ "காணாமல் போனவர்கள்". மனநலம் குன்றி ஆதரவின்றித் திரிபவரைக் கண்டால், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டியது ஸ்டேஷன் அதிகாரியின் கடமை என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு சொல்கிறது. இது பல ஸ்டேஷன்களுக்கே தெரியாது. ஆதார் ரேகையை வைத்து ஏன் கண்டுபிடிக்கக் கூடாது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ரேகைப் பதிவைப் போலீசுக்குக் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. இறந்தவரின் ரேகையை அதில் போட்டுப் பார்க்கவும் முடியாது. ஆனால் உயிரோடு இருப்பவருக்குப் புதிதாக ஆதார் எடுக்க முயன்றால், ஏற்கெனவே எடுத்திருக்கிறார் என்று நிராகரிப்பு வரும். அதைப் பிடித்துக்கொண்டு ஆதார் மண்டல அலுவலகத்துக்குக் காப்பகம் முறைப்படி எழுதினால் பழைய முகவரி கிடைத்து வீடு சேர்ந்தவர்கள் உண்டு. காப்பகம் நடத்துபவர்களுக்கு இந்த வழியைச் செய்தியாகச் சொல்லுங்கள்.

ஆள் கிடைத்தால் அதையும் போடுங்கள். "காணவில்லை" படம் வாட்ஸ்அப்பில் வருடக்கணக்கில் சுற்றும். கிடைத்துப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் பையனை ஊரார் வழிமறித்துப் பிடித்து ஸ்டேஷனுக்கு இழுத்துப் போவது இதனால்தான். ஒவ்வொரு படத்திலும் தேதியை அச்சிடுங்கள். கிடைத்ததும், பெரியவர்களானால் அதே படத்தின் மேல் "கிடைத்துவிட்டார்" என்று குறுக்கே எழுதி, முன்பு போட்ட அதே பக்கத்தில் போடுங்கள். குழந்தையானால் படமில்லாமல் "மேற்படி அறிவிப்பு முடிந்தது" என்றால் போதும்.

மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குப் பிறகு மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். ஆடிப்பெருக்குக்கும் ஆடி அமாவாசைக்கும் படித்துறைகள் நிறையும். அதற்குள் திருச்சி, தஞ்சை, புதுச்சேரிப் பதிப்புகளின் செய்திப் பொறுப்பாளர்கள் ஒருமுறை உட்கார்ந்து பேசி, அடையாளம் தெரியாதவர் பற்றிய குறிப்புகளைத் தங்களுக்குள் அன்றன்றைக்கு மாற்றிக்கொள்ள ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நிருபர்கள் போனில் கேட்க வேண்டிய விவரங்களின் படிவத்தையும், கல்லணைக்குக் கீழே எந்தத் தலைப்பு எந்த ஸ்டேஷன் எல்லையில் வருகிறது என்ற பட்டியலையும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம். உங்கள் தஞ்சை அலுவலகத்தில் யாரிடம் தர வேண்டும் என்று தெரிவித்தால் நேரில் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
காணாமல் போனோரைத் தேடும் பணியில் உள்ள தன்னார்வலர்கள்,
திருவையாறு – கும்பகோணம் வட்டாரம்